கரும்புக் காட்டில் பிறந்த மின் ரம்பம்

ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, வெட்ட ஆள் வரவில்லை. இந்த அவஸ்தையை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்த வரலாறு கரும்பு வெட்டுகிற சிரமத்திலிருந்து தொடங்குகிறது. நடந்தது நம் நாட்டில் அல்ல, அமெரிக்காவின் தெற்கே உள்ள லூசியானா மாநிலத்தில். அதிலிருந்து பிறந்ததோ கரும்பு வெட்டும் இயந்திரம் அல்ல. மரம் அறுக்கும் மின் ரம்பம்.

'உரமும் பூச்சிமருந்தும் பேசுகிறவர் ரம்பத்துக்கு ஏன் போனார்?' என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறதுங்க. பழைய மின்சாரக் கருவிகள் இன்று பல ஊர்களில் கண்ணில் படுகின்றன. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடக்கும். வெளிநாடு போய் வந்த உறவுக்காரர் கொண்டுவந்த பெட்டியில் இருக்கும். பார்த்ததும் ஆசையாகத்தான் இருக்கும். 'ஓடுதா பார்ப்போம்' என்று அப்படியே பிளக்கைச் சொருகுவார்கள். அந்த நொடியில் உயிர் போக வாய்ப்புண்டு. அதனால் அந்தக் கருவி எப்படி வந்தது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தொடுவது நல்லது.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். மின் மோட்டார் தொழிற்சாலைகளுக்கு வந்த காலத்தில் அது ஓரிடத்தில் அசையாமல் நிற்கிற பொருள். வேலையைத்தான் மோட்டாரிடம் கொண்டு போக வேண்டும். மோட்டாரை வேலையிடம் கொண்டு போகலாம் என்று 1895-ல் செய்து காட்டியது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த ஃபைன் நிறுவனம். கையில் பிடித்து இரும்பில் துளை போடும் மின் துளைப்பான் அது. எடை சுமார் 7.5 கிலோ. தூக்கி நிறுத்தி வேலை செய்கிறவருக்குத் தோள் கழன்றிருக்கும். அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவின் பால்டிமோரில். பிளாக், டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள் 1910-ல் ஒரு சிறு பட்டறை தொடங்கினார்கள். கைத்துப்பாக்கி மாதிரிப் பிடியும், விரலால் இழுக்கிற விசையும் வைத்த துளைப்பானுக்கு அவர்கள் 1917-ல் காப்புரிமை பெற்றார்கள். இன்று எந்த ஊர் எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கும் டிரில்லையும் பாருங்கள், அதே துப்பாக்கி உருவந்தான்.

இனி லூசியானாவுக்கு வருவோம். அங்கே கரும்பு பழைய பயிர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தருகே எத்தியேன் டி போரே என்ற தோட்டக்காரர் 1795-ல் கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பரல் பரலாக எடுத்துக் காட்டினார். அதன்பிறகு கரும்பு அந்த மண்ணின் பணப்பயிர் ஆகிவிட்டது. நமக்கு இல்லாத ஒரு தொல்லை அவர்களுக்கு உண்டு. குளிர்காலத்தில் உறைபனி விழும். பனி கருக்குவதற்குள் வெட்டி ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். கையில் இருந்தது அகலமான வெட்டுக்கத்தி ஒன்றுதான். அடியில் ஒரு வெட்டு, சோகை கழிப்பு, கொழுந்தாடை நீக்க இன்னொரு வெட்டு. இப்படியே நாள் முழுக்க, குனிந்த முதுகு நிமிராமல்.

1920-களின் தொடக்கத்தில் எட்மண்ட் மிஷேல் என்பவர் அந்த வேலையைப் பார்த்தார். பிரான்சிலிருந்து குடியேறியவர், கைவேலையில் கெட்டிக்காரர். 'இந்தக் கத்தியை மோட்டார் வைத்து ஓட்டினால் என்ன?' என்று அவருக்குத் தோன்றியது. மால்ட்டுப் பால் கலக்குகிற கடைக் கருவியிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றினார். ஹார்லிக்ஸ் மாதிரிப் பானம் கலக்குகிற கருவி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த மோட்டாரை வெட்டுக்கத்தியின் பிடியில் பொருத்தி, முனையில் இரண்டு அங்குலத்தில் ஒரு சிறு வட்ட ரம்பத்தை வைத்தார். மின்சார வெட்டுக்கத்தி தயார்.

செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு ஜோசப் சல்லிவன் என்ற நிலவியாபாரி அவரைத் தேடிக்கொண்டு வந்தார். வீடு கட்டுகிற இடங்களில் தச்சர்கள் கைரம்பத்தோடு படுகிற பாட்டை அறிந்தவர் அவர். 'இது கரும்புக்கு வேண்டாம், பலகைக்கு வேண்டும்' என்று அவர் கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. நான் யோசித்துப் பார்க்கிறேன். கரும்புத் தோட்டத்தில் மின்சார வயரை எவ்வளவு தூரம் இழுப்பது? சோகையும் தாளும் சிக்காமல் சின்ன ரம்பம் எத்தனை அடிக்கு ஓடும்? வீடு கட்டும் இடத்திலோ மின்சாரம் பக்கத்திலேயே இருக்கிறது, பலகையும் அசையாமல் கிடக்கிறது. 1924-ல் இருவரும் சேர்ந்து மிஷேல் மின் கைரம்பக் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1926-ல் அது ஸ்கில்சா என்று பெயர் மாறியது. அந்த ஆண்டே மிஷேல் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டு விலகிவிட்டார். 1937-ல் வந்த 77-ஆம் எண் மாதிரி அமெரிக்கத் தச்சர்களின் வலது கை ஆகிவிட்டது. அந்த எண்ணிலேயே இன்றும் ரம்பம் விற்கிறது. கரும்பு வெட்டுகிறவருக்கு மட்டும் விடிவு உடனே வரவில்லை. லூசியானாவில் பெரிய அறுவடை இயந்திரங்கள் பரவியது 1940-களில்தான்.

அந்த ரம்பத்துக்குள் என்ன இருக்கிறது? மோட்டார் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் தண்டின் முனையில் திருகு மாதிரி ஓர் உருக்குப் பல், மெக்கானிக்குகள் வார்ம் கியர் என்பார்கள். அது வெண்கலச் சக்கரம் ஒன்றைச் சுழற்றும். மோட்டாரின் அசுர வேகம் அங்கே குறைந்து பலமாக மாறும். சுழற்சியும் பக்கவாட்டில் திரும்பி ரம்பத் தகட்டுக்குப் போகும். தகடு இடப்பக்கம் இருப்பதால் வலது கைக்காரர் கோட்டைப் பார்த்துக்கொண்டே அறுக்கலாம். பல்லும் சக்கரமும் எண்ணெயில் குளித்தபடியே ஓடும். உடம்பு முழுக்க அலுமினிய வார்ப்பு. திருகாணிகளைக் கழற்றினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். இப்போது வரும் சில மலிவான கருவிகள் பழுதானால் குப்பைக்குத்தான். பழையது பழுது பார்ப்பதற்கென்றே செய்த பொருள். அறுபது எழுபது ஆண்டான ரம்பத்தைக்கூடத் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர்கள் அமெரிக்காவில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் முதலில் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். அமெரிக்கக் கருவி என்றால் 115 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டில் வருவது 230. நேராகச் சொருகினால் கொஞ்ச நேரத்திலேயே ஆர்மேச்சர் கருகிவிடும். வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதுவும் கருவியின் ஆம்பியரைத் தாங்குகிற அளவில். அங்கே மின்சாரம் 60 சைக்கிள், இங்கே 50. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், கார்பன் வைத்த இந்த வகை மோட்டார் இரண்டிலும் ஓடும். கிணற்று மோட்டார் வேறு ஜாதி, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்தது வயர். இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட இடம். அந்தக் காலத்து வயரில் ரப்பர் உறை, மேலே துணிப் பின்னல். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே ரப்பர் காய்ந்து, வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். போதாததற்கு, அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் இரண்டே கம்பிதான், எர்த் கிடையாது. உடம்போ உலோகம். உள்ளே ஓரிடத்தில் உறை விட்டுக் கம்பி தொட்டால் ரம்பம் முழுக்க மின்சாரம் பாயும். அதைப் பிடித்தபடி ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றால் என்ன ஆகும்? எர்த்துக்கென்று மூன்றாவது பின் வைத்த பிளக்குக்கு அமெரிக்காவில் 1928-லேயே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அது எல்லா வீடுகளுக்கும் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அதற்குள் எத்தனை கைகள் ஷாக் வாங்கியிருக்கும்!

ஆகவே பழைய வயரை ஒட்டுப் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். மூன்று கம்பி வயர் போட்டு, பச்சைக் கம்பியை அலுமினிய உடம்பில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் திருகாணியால் இறுக்குங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் எர்த் சரியாக வந்து சேர்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு வைண்டிங் கடைக்குக் கொண்டு போய், காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகோமுக்குக் கீழே காட்டினால் பிளக்கைத் தொடவே கூடாது. பல வருஷம் கொட்டகையில் கிடந்ததில் ஈரம் ஏறியிருக்கலாம். குண்டு பல்பின் இளஞ்சூட்டில் ஓரிரு நாள் காயவைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் ஏறவில்லை என்றால் புது வைண்டிங்தான்.

மற்றது பொறுமையான வேலை. இரண்டு பக்கமும் உள்ள மூடியைத் திருகிக் கார்பனை எடுங்கள். எது எந்தப் பக்கம், எப்படித் திரும்பியிருந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிது போட வேண்டும். செம்புப் பட்டைகள் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். எமரித் துணி மட்டும் கூடாது, அதன் பொடி பட்டைகளுக்கு இடையே தங்கிக் கெடுக்கும். பேரிங்கில் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கலாம்.

கியர் பெட்டியில் பழைய எண்ணெய் தார் மாதிரி உறைந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். புது எண்ணெய் ஊற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரி கியருக்கு ஊற்றுகிற சில எண்ணெய்களில் கந்தகக் கலவை உண்டு. உருக்குக்கு அது நல்லது, வெண்கலத்தையோ நாளடைவில் அரித்துவிடும். 'வெண்கலச் சக்கரம் உள்ள வார்ம் கியருக்கு' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சக்கரம் போய்விட்டால் வேறு கிடைப்பது குதிரைக் கொம்பு.

மேல் பெயிண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கோயில் குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்க வைப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. அழுக்கைத் துடைத்து, பெயர்த் தகட்டையும் பழைய கீறல்களையும் அப்படியே விட்டால் பார்க்க அழகாக இருக்கும்.

முதல்முறை ஓட்டும்போது தகட்டைக் கழற்றிவிட்டு, காய்ந்த பலகை மேல் நின்று, சில நொடி மட்டும் ஓட்டுங்கள். கார்பனில் சிறு நீலப்பொறி இயல்புதான். வட்டமாக நெருப்பு சுற்றினால் உடனே நிறுத்தி, மறுபடி கடைக்குக் கொண்டு போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தகட்டை மாட்டுங்கள். கீழே உள்ள பாதுகாப்பு மூடியைக் கையால் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் அதைப் பட்டென்று திரும்ப மூட வேண்டும். மூடாமல் பாதியில் நின்றால், புது ஸ்பிரிங் போடும்வரை அந்த ரம்பம் பரணிலேயே இருக்கட்டும்.