மனநல வைத்தியசாலைத் தாதியர் சீருடை: யாழ்ப்பாணத் தொடர்பு

மனநல வைத்தியசாலைகளில் ஆண் தாதியர் அணிந்த பழைய மேற்சட்டை சிறைக்காவலர் உடுப்பை ஒத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய மனநலக் காப்பகங்களின் பணியாளர்கள் கருநிறக் கம்பளிச் சட்டையும் பித்தளைப் பொத்தானும் முன்விளிம்புத் தொப்பியும் அணிந்து, இடுப்புச் சங்கிலியில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டிருந்தனர். 1885இல் அவர்களுக்கென ஒரு கைநூலும் 1891இல் தேர்வுச் சான்றிதழும் வந்தன. 1919ஆம் ஆண்டுச் சட்டம் மனநலத் தாதியருக்குத் தனிப் பதிவேடு திறந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கறுப்புச் சட்டையின் இடத்தை வெள்ளை மேற்சட்டை பிடித்தது.

அந்த வெள்ளைச் சட்டை தடித்த பருத்தித் துணியால் ஆனது. பொத்தான்களைத் துணியோடு தைப்பதில்லை. உட்புறம் சிறு வளையம் மாட்டி நிறுத்துவார்கள். கொதிநீரில் வெளுக்கப் போகுமுன் அவற்றைக் கழற்றிவிடலாம். கழுத்துப்பட்டியின் உள்ளே வைத்தியசாலையின் பெயரோ சலவை இலக்கமோ பொறித்திருக்கும். நாடித்துடிப்பை எண்ணுவதற்கான மணிக்கூடு மார்பில் தொங்கும்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய பெரிய காப்பகம் அமையவில்லை. இலங்கையின் காப்பகங்கள் கொழும்பைச் சுற்றியே எழுந்தன: 1847இல் பொறளை, 1884இல் கறுவாத்தோட்டம், 1926இல் அங்கொடை. குடாநாட்டு நோயாளிகளும் அங்கேதான் அனுப்பப்பட்டார்கள். 'அங்கொடைக்கு அனுப்பவேணும்' என்ற ஏச்சு யாழ்ப்பாணத்திலும் புழங்கியது.

குடாநாட்டின் தாதித் தொழில் பொது மருத்துவத்தின் வழியே வளர்ந்தது. மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலும் கற்பித்தார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை திறந்தது. ஊரார் 'மிஸ்ஸி' என்று அழைத்த தாதியின் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு இந்த வழியில் பழகியது. தெல்லிப்பளை வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இயங்கத் தொடங்கியபோது அங்கும் அதே வெள்ளைதான். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்கால உளத்தாக்கத்தை ஆராய்ந்து சிகிச்சை அளித்த களமும் யாழ்ப்பாணமே. காவலாளியின் மேற்சட்டை இங்கு வேரூன்றாதது நல்லதென்றே சொல்லவேண்டும்.

ஆனால் அந்த வெள்ளையும் காப்பாற்றாத நாள் ஒன்று உண்டு. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் நோயாளரும் பணியாளருமாக 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கைகளை உயர்த்தி, சரணடைவதாகக் கூறியபடி தாதியரோடு வந்த மருத்துவர் சிவபாதசுந்தரம் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காப்பக மேற்சட்டையைத் தமிழர் அணியும் வாய்ப்பு கடல்கடந்தும் வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆட்பற்றாக்குறையால் தவித்த பிரித்தானிய மனநல வைத்தியசாலைகள் காலனி நாடுகளிலிருந்து பயிற்சித் தாதியரைச் சேர்த்தன, இலங்கையரும் போயினர். 1950களில் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து பரவியதும் பூட்டிய கதவுகள் திறந்தன, சாவிக்கொத்தின் தேவை குறைந்தது. 1960களின் இறுதியிலிருந்து பல மனநலப் பிரிவுகள் சீருடையையே கைவிட்டன. இன்று பிரித்தானிய மனநலத் தாதியர் பலர் சாதாரண உடுப்போடு பணியாற்றுகின்றனர். இலங்கை அரச வைத்தியசாலைகளில் வெள்ளைச் சீருடை தொடர்கிறது.