இளமைப் பெயர் தேடிய வரலாறு

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைக்கு ஒன்பது பெயர்களை வகுத்துரைக்கிறது. கன்று, குட்டி, பறழ், பார்ப்பு என்று பிறந்ததன் பெயரை அறிந்தால், பெற்றதன் பெயரையும் உய்த்துணரலாம். கன்றில் ஆவின் சாயல் உண்டு. பறழில் புலியின் சாயல் உண்டு. ஆனால் புழுவில் அந்துப்பூச்சியின் சாயல் சிறிதும் இல்லை. இதற்குச் சிறகில்லை, அதற்கு இலையைக் கடித்துண்ணும் வாயில்லை. இரண்டும் ஓருயிரே என்பதை முதன்முதலில் நிறுவச் சான்று ஒன்றே இருந்தது. புழுவை வளர்த்து, அது கூட்டுப்புழுவாகிச் சிறகோடு வெளிப்படும் வரை காத்திருந்து கண்ணால் காண்பதே அச்சான்று.

ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகறல், சேயாற்றங்கரையில் அமைந்த தலம். அத்தலத்தைத் தன்னகத்தே கொண்ட காஞ்சி வட்டாரம் பட்டு நெசவால் புகழ் பெற்றது. அங்கும் இம்மறைப்பு நிகழ்கிறது. இழை அறுபடாமல் நூற்க வேண்டுமாயின், பட்டுக்கூட்டைத் துளைத்து அந்து வெளிவருமுன் வெப்பத்தால் அதனைக் கொல்லுதல் வழக்கம். ஆதலின் பட்டை நாளும் கையாள்வோருள்ளும் பட்டு அந்தைக் கண்டவர் சிலரே. 1758இல் லின்னேயஸ் அவ்வுயிருக்கு இட்ட பெயரிலுள்ள ‘மோரி’ என்னும் சொல் முசுக்கொட்டையைக் குறிப்பது. புழு உண்ணும் இலையே உயிரின் பெயராயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் வளர்த்த புழுவாதலின் அதன் இரு வடிவங்களும் ஐயமற விளங்கின. காட்டிலும் வயலிலும் திரியும் பிற புழுக்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

தமிழகத்துப் பூச்சிகள் அறிவியற் பெயர் பெற்ற வரலாற்றில் தரங்கம்பாடிக்குச் சிறப்பிடம் உண்டு. 1768இல் அங்கு மருத்துவராக வந்த யோகான் கெரார்டு கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் திரட்டி அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர், லின்னேயஸிடமே பயின்ற யோகான் கிறிஸ்டியன் ஃபபிரீசியஸ். 1779இல் தமிழ் அகராதி வெளியிட்ட பாதிரியார் ஃபபிரீசியஸ் வேறொருவர். சிறகுயிர்களை ஊசியில் குத்தி உலர்த்திப் பேழையில் வைத்துக் கப்பலேற்றலாம். புழுவோ உலர்ந்தால் சுருங்கும், நிறமும் இழக்கும். எனவே கடல் கடந்தவற்றுள் பெரும்பாலானவை தம் இளமையைக் கரையிலேயே விட்டுச் சென்றன.

இக்குறையை நிறைவு செய்தது ஓவியம். மரியா சிபில்லா மேரியான் என்னும் பெண்மணி 1699இல் தென்னமெரிக்கச் சுரினாமுக்குச் சென்று, புழுவையும் அதன் உணவுச் செடியையும் சிறகுயிரையும் ஒரே படத்தில் தீட்டி, 1705இல் நூலாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் பேராதனைத் தாவரப் பூங்காவில் அப்பணி மீண்டும் நிகழ்ந்தது. பூங்காவின் தலைவர் துவெயிட்ஸின் மேற்பார்வையில் வில்லியம் த அல்விஸ், ஜார்ஜ் த அல்விஸ் என்னும் உடன்பிறந்தார் பல இனங்களின் புழு, கூட்டுப்புழு, சிறகுயிர் ஆகியவற்றை உயிருள்ள நிலையில் பார்த்து வரைந்தனர். அவர்தம் தந்தை ஹர்மானிஸும் அப்பூங்காவின் ஓவியரே. அவ்வோவியங்களைத் துணைக்கொண்டு பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நூலில் புதிதாகப் பெயர் பெற்ற இனத்தைக் குறிக்கும்போது, பெயரை அடுத்து மூரின் பெயரை எழுதுவது மரபு. புழுவுக்கும் அந்துக்கும் உள்ள உறவைக் கண்ணால் கண்டு தீட்டிய கைகளின் பெயர் அங்கு இடம்பெறுவதில்லை.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துகளை நான்கு தொகுதிகளில் வகைப்படுத்தினார். அந்நூல் அந்தைக் கண்டவருக்கு வழிகாட்டி. உழவர் காண்பதோ புழுவை. மானாவாரி நிலக்கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, மண்ணுள் கூட்டுப்புழுவாக உறங்கி, பருவமழை பெய்ததும் வெண்சிறகு அந்தாக வெளிப்படும். மழை பெய்த இரவில் தீ மூட்டி அந்தைக் கவர்ந்து அழித்தால், பின்வரும் புழுப்பெருக்கம் குறையும். இரண்டும் ஓருயிர் என்றறியாதவர் அத்தீயை மூட்டார். அறிவு பயிரைக் காத்தது. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் பிளெச்சர் 1914இலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இலும் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சி நூல்கள் இத்தேவையிலிருந்து பிறந்தவை.

இன்று தூரிகையின் இடத்தை ஒளிப்படக் கருவி ஏற்றுள்ளது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்து வாரம் ஆண்டுதோறும் சூலையில் இந்தியாவிலும் ஆர்வலர்களை விளக்கடியில் கூட்டுகிறது. எனினும் படம் ஒன்றே போதிய சான்றாகாது. அரளியை உண்ணும் பருந்து அந்தின் புழு பச்சை நிறத்தது. தலையருகே நீலக் கண்போன்ற இரு புள்ளிகள் உண்டு. கூட்டுப்புழுவாகுமுன் அது பழுப்பாக மாறித் தரைக்கு இறங்கும். இரு நாளில் எடுத்த இரு படங்களை இரு வேறு இனமென மயங்குதல் எளிது. வளர்க்கும் புழுவிலிருந்து அந்துக்கு மாறாக ஒட்டுண்ணிக் குளவி வெளிப்படுதலும் உண்டு; அன்று காத்திருப்பு வீணாயிற்று என்பாரும் உளர். உண்மையில் மற்றோர் உறவு அன்று வெளிப்பட்டது.

ஆகவே படத்தோடு நாளும் இடமும் உணவுச் செடியின் பெயரும் எழுதப்பட வேண்டும். செடிப்பெயர் தெரியாதவரால் புழுவின் பெயரை நெருங்க இயலாது. அரளி, ஆமணக்கு, முருங்கை, எருக்கு எனச் செடிகளைப் பெயர் சொல்லி அறிந்த மொழி தமிழ். மயிருடைய புழுக்கள் யாவற்றையும் ‘கம்பளிப்பூச்சி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கியதும் அம்மொழியே. உவமைக்கு விட்டிலை விளக்கில் வீழ்த்திய கவிஞர், அவ்விட்டில் முன்னர் எந்த இலையில் வாழ்ந்தது என்று வினவியதில்லை. ஒன்பது இளமைப் பெயர்களை வகுத்த மரபுக்கு அவ்வினா அயலானதன்று. இன்னும் விடை எழுதப்படாத வினா, அவ்வளவே.