எடித் யாக்கப்ஸனின் மௌனம்

ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுக்கு அடிப்படை விதி ஒண்ணே ஒண்ணுதான்: மனசுல என்ன வருதோ, அதை அப்படியே சொல்லிடணும். அசிங்கம், அபத்தம் என்று எதையும் வடிகட்டக் கூடாது. ஆனால் சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்கிற நம்பிக்கை இருந்தால்தான் இந்த விதி வேலை செய்யும். சரி, ஒரு பெயரை உளறினாலே ஆள் செத்துப்போகக் கூடிய காலத்தில் இது என்ன ஆகும்? கொஞ்ச நாளாக 1930களின் பெர்லினையும் வியன்னாவையும் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது.

1920ல் மாக்ஸ் ஐடிங்கோன், எர்ன்ஸ்ட் ஸிம்மல் இருவரும் பெர்லினில் ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். காசில்லாதவர்களுக்கு இலவச சிகிச்சை. சிகிச்சையாளர்களில் பலர் யூதர்கள், கணிசமானவர்கள் இடதுசாரிகள். 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே மாதம் ஃபிராய்டின் புத்தகங்களைத் தெருவில் எரித்தார்கள். ஐடிங்கோன் பாலஸ்தீனத்துக்குக் கிளம்பினார். ஜெர்மன் சங்கத்தின் தலைமை யூதரல்லாத ஃபெலிக்ஸ் போம், கார்ல் முல்லர்-பிரவுன்ஷ்வைக் கைக்கு வந்தது. அவர்களுக்கு ஒரே கவலை: எப்படியாவது சங்கத்தைக் காப்பாத்தணும்.

எடித் யாக்கப்ஸன் அந்தச் சங்கத்து உறுப்பினர். 1897ல் பிறந்த யூதப் பெண், மருத்துவர். ‘புதிய தொடக்கம்’ என்ற தலைமறைவு இடதுசாரிக் குழுவிலும் இருந்தார். அந்த எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவரிடம் சிகிச்சைக்கும் வந்தார்கள். நோயாளியும் மருத்துவரும் ஒரே ரகசியத்தைச் சுமப்பது சரியா என்று இன்றைக்குக் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் வேறு யாரிடம் போய் வாயைத் திறந்திருக்க முடியும்?

1935 அக்டோபரில் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. நோயாளியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. இரண்டு வருடம் மூன்று மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது.

சங்கம் என்ன செய்தது? ஆட்சிக்கு எதிராக அரசியலில் இருப்பவர்களுக்கு உறுப்பினர்கள் சிகிச்சை தரக் கூடாது என்றது. அந்த டிசம்பரிலேயே யூத உறுப்பினர்கள் ‘தாங்களாகவே’ விலகினார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க லண்டனிலிருந்து வந்தவர் எர்ன்ஸ்ட் ஜோன்ஸ், பின்னாளில் ஃபிராய்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். சங்கம் பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1936ல், ஹெர்மன் கோரிங்கின் உறவினரான மத்தியாஸ் கோரிங் நடத்திய நிறுவனத்துக்குள் அது அடங்கிப்போனது.

வியன்னாவில் 1934லேயே இந்தக் கதை ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிப்ரவரியில் நடந்த சண்டைக்குப் பிறகு சமூக ஜனநாயகக் கட்சியைத் தடை செய்தார்கள். உடனே அங்கிருந்த உளப்பகுப்பாய்வாளர் சங்கமும் ஒரு விதி போட்டது: தடை செய்யப்பட்ட அரசியலில் உறுப்பினர்கள் ஈடுபடக் கூடாது, அதில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையும் தரக் கூடாது. அப்போது அங்கே பயிற்சியில் இருந்த மரி லாங்கர் ஒரு கம்யூனிஸ்ட். அந்த விதியால் சிகிச்சையாளருக்கு மூன்றே வழிகள்தான் மிஞ்சின என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிகிச்சையை நிறுத்தலாம். அரசியலை விடச் சொல்லலாம். இல்லையென்றால், ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி அதைப் பேசாமலே தொடரலாம்.

இந்த மூணாவது வழியை யோசிச்சுப் பாருங்க. மனசுல வர்றதையெல்லாம் சொல்லணும், ஆனா ராத்திரி தூக்கம் வராம பண்ற ஒரே விஷயத்தை மட்டும் சொல்லக் கூடாது! அப்புறம் அந்த அறையில் பேச என்னதான் மிச்சம் இருக்கும்? லாங்கர் 1936ல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்கு மருத்துவராகக் கிளம்பிவிட்டார்.

கோரிங் நிறுவனத்திலேயே வெளிநோயாளிப் பிரிவை நடத்திய ஜான் ரிட்மைஸ்டர் ரகசியமாக நாஜி எதிர்ப்பாளர். 1942ல் பிடிபட்டு, 1943 மே 13 அன்று கொல்லப்பட்டார். அரசியலே வேண்டாம் என்று கதவைச் சாத்திய இடத்துக்குள்ளும் அரசியல் இருக்கத்தான் செய்தது.

யாக்கப்ஸன் 1938ல், உடல்நிலை மோசமாகிச் சிறையிலிருந்து வெளியே வந்த சமயத்தில் தப்பித்தார். பிராக் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பெண் அரசியல் கைதிகளின் மனநிலை பற்றி, சிறையில் தான் கவனித்ததை வைத்து எழுதிய கட்டுரை 1949ல் வெளிவந்தது. மனச்சோர்வு பற்றிய அவருடைய ஆய்வுகள் அத்துறையில் முக்கியமானவை. 1954ல் நியூயார்க் சங்கத்தின் தலைவரானார்.

சங்கத் தலைவர்களை வில்லன்களாக்குவது சுலபம். அவர்களுக்கும் பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனாலும் இரண்டு மௌனங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாக்கப்ஸன் போலீஸிடம் மௌனமாக இருந்தார், நோயாளியைக் காப்பாற்ற. சங்கங்களோ நோயாளியின் வாயை மூடச் சொன்னார்கள், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள. ரெண்டுக்கும் ‘ரகசியம் காப்பது’ன்னு ஒரே பேர் வச்சுட முடியாது.