திருமணவழிப் பிரஜாவுரிமைக்கு எப்போது விண்ணப்பிப்பது? சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறு தரும் விடை

இலங்கைப் பிரஜை ஒருவரை மணந்த வெளிநாட்டவர் எப்போது பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதற்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் சுருக்கமாக விடை சொல்கிறது. பிரஜையின் கணவரோ மனைவியோ, துணையை இழந்தவரோ, விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டு முழுவதும் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணமும் இருக்க வேண்டும். இந்தியாவில் இதே வழிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டு வசிப்பைக் கேட்கிறது. அதோடு ஒப்பிட்டால் இலங்கைச் சட்டம் தாராளமானதாகவே தெரியும்.

ஆனால் எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவி இதே கேள்வியைக் கேட்டால், அந்தச் சுருக்கமான விடையை உடனே கொடுப்பது அவருக்குத் தீங்காக முடியலாம். அவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவர் உண்மையில் வெளிநாட்டவரா? சப்ரகமுவத் தோட்டங்களில் ‘பிரஜாவுரிமை இல்லை’ என்று சொல்லப்படும் பெண்களில் இந்திய வம்சாவளியினராக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், சட்டத்தின்படி ஏற்கெனவே பிரஜைகளாக இருக்கக்கூடும். அவர்களை மனைவி என்ற தகுதியில் விண்ணப்பிக்கச் சொல்வது, இல்லாத ஓர் அந்நியத்தன்மையை அவர்களே எழுதிக் கையொப்பமிடச் செய்வதாகும். திருமணவழி கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கான காரணம் 1948 முதலான வரலாற்றில் இருக்கிறது.

அந்த வரலாற்றில் சப்ரகமுவவுக்குத் தனி இடம் உண்டு. மலையகத் தமிழரின் வாக்குரிமை இழப்பைப் பற்றிய மிக முக்கியமான வழக்கு நுவரெலியாவிலிருந்து எழவில்லை; கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலிருந்து எழுந்தது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றது. கோடக்கன் பிள்ளை என்ற இந்தியத் தமிழர் தம் பெயரை இடாப்பில் சேர்க்கக் கோரினார். மீளாய்வு அலுவலரான சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும், தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது எந்த அரசுக்கும் உரிய அதிகாரமே என்று கூறி மேன்முறையீட்டைத் தள்ளியது. தோட்டத் தமிழர்களை வந்து போகும் மக்களாகக் காணும் பார்வை அத்தீர்ப்பிலும் உண்டு. இந்தப் பார்வைதான் திருமணத்தைப் பற்றிய சட்ட விதிகளுக்குள்ளும் நுழைந்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முந்திய இடையறாத வசிப்பை விண்ணப்பதாரரிடம் கேட்டது. மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு. மணம் முடித்தவன் இந்நாட்டில் வேரூன்றிவிட்டான், அவனுக்கு மூன்றாண்டு சலுகை தரலாம் என்பதே இதன் பின்னுள்ள எண்ணம். கூடவே இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மணமான ஆணின் மனைவி, திருமணத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக்குப் பிந்தாமல் இலங்கைக்கு வந்து, அன்று முதல் இடையறாது இங்கே வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே ஒரு பயணம் போதும், அந்த வசிப்பு அறுந்துபோகும்.

தோட்டத்துக் குடும்ப வாழ்வை அறிந்தவருக்கு இந்த நிபந்தனையின் கனம் விளங்கும். பெண்ணோ மாப்பிள்ளையோ முறையில் அமையவேண்டும். முறையுள்ள உறவினர் பலர் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்கள். ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு ஆண் முன்னால் திரும்புவான், பேரேட்டில் பெயர் பதிந்து லயத்தில் ஒரு காம்பிரா கிடைத்த பின்பு பெண் வருவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கமும் உண்டு. போனவள் பிள்ளை தவழும்வரை அங்கேயே தங்குவது இயல்பு. குடும்பம் வேரூன்றும் வழிகளே அவை. சட்டம் அவற்றையே வேரின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு விண்ணப்பக் காலம் முடிந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. நிராகரிப்புகளுக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆயினும் மனைவியின் பயணம் கணவனின் உரிமையை வெட்டக்கூடிய ஒரு விதி இருந்ததே, இங்கே திருமணத்தைப் பற்றி அரசு எப்படி யோசித்தது என்பதைக் காட்டப் போதும்.

சப்ரகமுவவுக்கே உரிய இன்னொரு சிக்கல் கலப்பு மணம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ரப்பர் தோட்டத்து லயமும் கிராமத்து வீடும் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் தூரத்தில் இருக்கும். தமிழ் ஆணும் சிங்களப் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்துவது அங்கே புதுமையன்று. இருவரும் கண்டியச் சிங்களவராக இருந்தால்தான் கண்டியத் திருமணச் சட்டம் பொருந்தும். கலப்புத் தம்பதியர் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் பதிய வேண்டும். பலர் பதியவில்லை.

பதிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வம்சாவளிப் பிரஜாவுரிமை தந்தை வழியே மட்டும் வந்தது. தாய் எத்தனை தலைமுறைப் பிரஜையாக இருந்தாலும், தந்தை நாடற்றவர் என்றால் பிள்ளையும் நாடற்றதே. திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கு மட்டும் ‘தந்தை’ என்ற இடத்தில் ‘தாய்’ என்று வாசிக்கச் சட்டம் இடம்கொடுத்தது. ஆகவே சிங்களத் தாய்க்கும் நாடற்ற தமிழ்த் தந்தைக்கும் பிறந்த பிள்ளை, பெற்றோர் முறையாகப் பதிந்து மணந்திருந்தால் நாடற்றதாகவும், பதியாமல் வாழ்ந்திருந்தால் பிரஜையாகவும் ஆனது. சட்டப்படி மணப்பதே பிள்ளையின் உரிமையைப் பறித்த நிலை 2003 வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. இலங்கை பெண்களுக்கெதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையை 1981இலேயே ஏற்றிருந்தது. பிள்ளையின் தேசியத்தில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்பது அதன் ஒன்பதாம் உறுப்புரை. அதன் பின்னும் இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் வந்துதான் ‘தந்தை அல்லது தாய்’ என்ற சொற்கள் சட்டத்தில் ஏறின. தோட்டத்து மக்கள் திருமணத்தைப் பதியாமல் விட்டதற்கு அறியாமையையே காரணம் காட்டும் அதிகாரிகளை இன்றும் காணலாம். சட்டமே பதிவுக்கு எதிராக நின்ற காலத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் சிக்கலை வேறு திசையில் வளர்த்தது. 9,75,000 நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்றும் முடிவானது. 1974இல் அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைகளை எண்ணிப் பங்கிட்ட இந்த ஏற்பாட்டில் குடும்பம் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற நோக்கம் ஏட்டளவில் இருந்தது. ஆனால் விண்ணப்பித்த நாளில் இருந்த குடும்பமும் முடிவு வந்த நாளில் இருந்த குடும்பமும் ஒன்றாக இருக்கவில்லை. விண்ணப்பம் போனபோது பதினாறு வயதுப் பெண் தந்தையின் இந்திய விண்ணப்பத்தில் மகளாக இருந்தாள்; முடிவு வந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமைக்குக் காத்திருந்த ஒருவனின் மனைவியாகி, கையில் பிள்ளையோடு இருந்தாள். அவளுக்கு இந்தியப் பாஸ்போட், அவனுக்கு இலங்கைப் பதிவு. இப்படிப் பிரிந்த குடும்பங்களின் துயரம் மலையகத்தின் வாய்மொழியில் இன்னும் உயிரோடிருக்கிறது.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் ஓடினார்கள். லயம் எரிந்த இடத்தில் பிறப்புச் சான்றிதழும் எரிந்தது, தோட்டம் கைமாறிய இடத்தில் அலுவலகப் பேரேடும் மறைந்தது. வசிப்பை நிரூபிக்கச் சொல்லும் எந்தச் சட்டத்தையும் சப்ரகமுவ மக்கள் இந்த இழப்போடுதான் எதிர்கொள்கிறார்கள்.

1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட் பெற்றும் போகாதவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்தன. இறுதியாக வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இக்கட்டுரையின் வாதம் நிற்பது இதன்மேல்தான். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும், அத்தகையோரின் வழியில் வந்து இலங்கையில் வசிப்போரும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் பிரஜைகள் ஆகிறார்கள். அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு இங்கே வேலையில்லை. இந்தியப் பாஸ்போட் பெற்று இங்கேயே வாழ்ந்துவிட்டவர்களும், இலங்கைப் பிரஜாவுரிமையை விரும்புவதாகப் பிரகடனம் செய்து அதற்குப் பொறுப்பான ஆணையாளரின் கையொப்பம் பெற்றால் பிரஜைகளாகலாம். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் நடத்திய இயக்கத்தில் பத்து நாட்களில் சுமார் 1,90,000 பேர் ஆவணம் பெற்றார்கள்.

ஆகவே தெரணியகலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் தாத்தா 1964இல் இதே மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்து, அதன் பின்னும் இங்கேயே வாழ்ந்தார் என்றால், அவள் கணவன் யார் என்ற கேள்வியே அவசியமில்லை. அவள் தன் சொந்த உரிமையில் பிரஜை. அவளிடம் இல்லாதது சான்று மட்டுமே. அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை பிரஜைகளுக்குள் வேறுபாடு இல்லை என்கிறது உண்மைதான். எந்த வழியில் பெற்றாலும் அந்தஸ்து ஒன்றே என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. ஓராண்டில் முடிந்துவிடும் எளிய வழியை ஏன் தடுக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். அந்தஸ்து ஒன்றாகலாம், ஆனால் அதைப் பெறும் பாதை ஒன்றல்ல. மனைவி என்ற வழியில் போனால் கணவனின் பிரஜாவுரிமையையும் திருமணத்தின் செல்லுபடியையும் முதலில் நிரூபிக்க வேண்டும். கணவன் பிரிந்துபோய் மணமுறிவு ஏற்பட்டால் தகுதியின் அடிப்படையே போய்விடும். அவனுடைய ஆவணத்தில் பிழையிருந்தால் அது அவளையும் பாதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே தான் வெளிநாட்டவள் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். அந்தக் காகிதம் பின்னாளில் அவள் பெற்றோருக்கும் சகோதரருக்கும் எதிராக எடுத்துக் காட்டப்படாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உண்மையிலேயே திருமணவழி தேவைப்படுவோர் உண்டு. ஒப்பந்தத்தின் கீழ் நீலகிரிக்குப் போன குடும்பத்தின் மகள், முறை விட்டுப்போகக் கூடாதென்று பலாங்கொடைக்கோ எஹலியகொடைக்கோ மருமகளாக வருகிறாள். தமிழகத்திலேயே பிறந்த மாப்பிள்ளை இங்கே வந்து குடியேறுகிறான். இவர்கள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருவதில்லை. இவர்களுக்கு எப்போது என்ற கேள்விக்கு என் விடை, ஓராண்டு நிறைந்த மறுநாளே என்பதுதான். பிள்ளை பிறக்கட்டும், கடன் அடையட்டும் என்று தள்ளிப்போடுவது ஆபத்து. வதிவிட வீசா காலாவதியானால் வசிப்பைச் சட்டப்படியானது என்று காட்டுவது கடினமாகும். கணவன் இறந்தாலும் கைம்பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆனால் பதியாத திருமணத்தை அவன் இறந்த பின் நிரூபிப்பது மிகவும் பாடு. இந்து வழக்கப்படி தாலி கட்டிய மணம் பதிவில்லாமலும் செல்லும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன, எனினும் கருமபீடத்தில் இருக்கும் எழுதுநர் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். வடக்கு, கிழக்குக்கு வெளியே பதிவேடுகள் பெரும்பாலும் சிங்களத்தில் பேணப்படுவதால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் திருமணப் பதிவில் வேறொரு பெயரும் எழுதப்பட்டு விடுவதுண்டு. அந்தப் பெயர்ப் பிழையைத் திருத்துவதை மணநாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாறவேண்டியது மக்களின் நடைமுறை மட்டுமன்று. பிரதேச செயலகத்துக்குப் பிரஜாவுரிமை கேட்டு வரும் தோட்டத்துப் பெண்ணிடம் கணவனின் அடையாள அட்டையைக் கேட்கும் முன், அவள் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் 1964இல் எங்கிருந்தார்கள் என்று கேட்பதை பொறுப்பான அமைச்சு சுற்றறிக்கை மூலம் கட்டாயமாக்க வேண்டும். எரிந்துபோன, தொலைந்துபோன தோட்டப் பேரேடுகளுக்கு ஈடாக, பாடசாலை இடாப்பு, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, அயலவரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றை ஏற்க வேண்டும். திருமணவழியில் வருவோருக்கு, வீசா இடையில் அறுந்திருந்தாலும் உண்மையான குடும்ப வசிப்பைக் கணக்கிலெடுக்கும் திருத்தத்தைப் பாராளுமன்றம் கொண்டுவர வேண்டும். தாத்தாவின் பெயர் பதிந்த பிறப்புச் சான்றிதழோ, பழைய சம்பளத் துண்டோ, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால், வாசகர்கள் அதை இன்றே எடுத்துப் பிரதி எடுத்து, ஒரு சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.