சிறைக்குள் கூடிய நகரசபை

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, தேம்ஸ் நதி வளைந்தோடும் கரையோரத்தில், பொப்லர் என்றோர் உள்ளூராட்சிப் பிரிவு ஒரு காலத்தில் இருந்தது. 1965ஆம் ஆண்டில் அது மறைந்துவிட்டது. எனினும், ஏழைகள் வாழும் ஊரின் சுமையை அவ்வூரே தனித்துச் சுமக்க வேண்டுமா என்று அது எழுப்பிய வினா வரலாற்றில் நிலைத்துவிட்டது.

பொப்லரை வளர்த்தவை கப்பற்றுறைகளே. 1802இல் மேற்கிந்தியத் துறையும், 1806இல் கிழக்கிந்தியத் துறையும் திறக்கப்பட்டன. உலகின் செல்வமெல்லாம் அங்கே வந்து இறங்கிற்று. ஆனால், அதை இறக்கிய தொழிலாளருக்கு நிலையான வேலை இருக்கவில்லை. காலையிலே துறைமுக வாயிலில் கூடிநிற்போருள் ஒரு பகுதியினரே அன்றைய கூலிக்கு அழைக்கப்படுவர். ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர்.

1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போ, புரொம்லி, பொப்லர் ஆகிய மூன்று ஊர்களும் ஒரு மாவட்டமாக இணைக்கப்பட்டு, ஒரு பொதுச் சபையின் கீழ் வந்தன. 1900இல் அம்மாவட்டமே நகரபிதாவையும் நகரசபையையும் உடைய ‘பரோ’ ஆயிற்று. தெருக்கள், வடிகால்கள், நூல்நிலையங்கள், குளிப்பறைகள் முதலியவை நகரசபையின் பொறுப்பு. வீடுகளின் வாடகைப் பெறுமதிக்கேற்ப அது வரி அறவிடும். அவ்வரியில் ஒரு பகுதியை இலண்டன் மாவட்டச் சபை, பொலிஸ் முதலிய பொது நிறுவனங்களுக்குச் செலுத்தவும் வேண்டும்.

இம்முறையில் ஒரு பெருங் குறை இருந்தது. வேலையற்றோருக்கு வீட்டிலிருக்க வழங்கும் உதவிச் செலவு, பெரும்பாலும் அந்தந்த ஊரின் வரியிலிருந்தே வரவேண்டும். வறியோர் மிகுந்த ஊரில் செலவு மிகும். அங்கேயே வீடுகளின் பெறுமதி குறைவாதலால் வரவு சுருங்கும். வாடகைப் பெறுமதியில் பவுண் ஒன்றுக்கு ஒரு பென்னி வரி விதித்தால், செல்வர் வாழும் வெஸ்ற்மின்ஸ்ரரில் முப்பத்தோராயிரம் பவுணுக்கு மேல் திரண்டது. பொப்லரிலோ நாலாயிரம் பவுண்கூடத் திரளவில்லை.

1919ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற் கட்சி பொப்லர் நகரசபையைக் கைப்பற்றியது. ஜோர்ஜ் லான்ஸ்பரி நகரபிதாவானார். ஆண், பெண் என்ற வேற்றுமையின்றி, சபை ஊழியருக்கு வாரத்துக்கு 4 பவுண் குறைந்தபட்சக் கூலி என்று சபை விதித்தது. போருக்குப் பின் வேலையின்மை பெருகவே, 1921 மார்ச் மாதத்தில் சபை துணிகரமான முடிவொன்றை எடுத்தது. பொது நிறுவனங்களுக்குரிய பணத்தை அறவிடுவதில்லை என்பதே அது.

வழக்கு நீதிமன்றம் சென்றது. ஜூலை 29ஆந் திகதி, நகரபிதா சாம் மார்ச் தம் பதவிச் சங்கிலியை அணிந்து முன்செல்ல, அங்கத்தவரும் மக்களும் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக நடந்தனர். ஆணைக்குப் பணிய மறுத்ததால், செப்டெம்பரில் 30 அங்கத்தவர் சிறை சென்றனர். இருபத்தைந்து ஆண்கள் பிறிக்ஸ்ரன் சிறையிலும், ஐந்து பெண்கள் ஹொலோவே சிறையிலும் அடைக்கப்பட்டனர். பெண்களுள் நெலி கிறெசல் கருவுற்றிருந்தார்.

சபையின் பணி சிறையிலும் நிற்கவில்லை. ஹொலோவேயிலிருந்து பெண்கள் பிறிக்ஸ்ரனுக்கு அழைத்துவரப்பட, அச்சிறைக்குள்ளேயே கூட்டங்கள் நடைபெற்றன. அயலிலிருந்த ஸ்ரெப்னி, பெத்னல் கிறீன் சபைகளும் பொப்லர் வழியைப் பின்பற்றத் தீர்மானித்தன.

சட்டத்தை ஆளும் சபையே சட்டத்தை மீறலாமா என்று எதிர்ப்பாளர் கேட்டனர். ஒவ்வொரு சபையும் தன் கடனைச் செலுத்த மறுத்தால், மாநகரின் பொலிசும் வைத்தியசாலையும் எவ்வாறு இயங்கும் என்றும் வினவினர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், முறையான வேண்டுகோள்களால் தீராத குறையொன்றை வேறெவ்வழியில் உணர்த்துவது என்பதே பொப்லரின் மறுமொழி.

ஒக்டோபர் 12ஆந் திகதி அங்கத்தவர் விடுதலையாயினர். அவ்வாண்டிலேயே, உதவிச் செலவை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. வெற்றிக்கு விலையும் இருந்தது. சிறை சென்றவர்களுள் ஒருவரான மினி லான்ஸ்பரி, 1922ஆம் ஆண்டின் முதல் நாளிலே, தமது முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். 1925இல் பிரபுக்கள் சபை, 4 பவுண் கூலி வரம்பு மீறியது எனத் தீர்ப்பளித்தது.

1965 ஏப்ரல் முதலாந் திகதி, பொப்லர், ஸ்ரெப்னி, பெத்னல் கிறீன் ஆகிய மூன்றும் இணைந்து ரவர் ஹம்லெற்ஸ் என்னும் புதிய பிரிவாயின. அன்று பொப்லருக்குத் துணைநிற்க முன்வந்த அயற்சபைகள் இரண்டும், இறுதியில் அதனுடன் ஒன்றாகிவிட்டன. எல்லைக் கோடுகள் அழிந்தன. ஆயினும், செல்வ ஊரும் வறிய ஊரும் ஒரே மாநகரின் உறுப்புக்களாயின், ஒன்றின் துயர் மற்றொன்றின் கடனும் ஆகும் என்ற உண்மையை, அந்த முப்பதுபேரும் ஆறு வாரச் சிறைவாசத்தினால் சட்டமாக்கிச் சென்றனர்.