திரைக்கு வெளியே இரண்டாம் தொகுப்பு

ராக் குழுவொன்றின் முதல் இசைத்தொகுப்பில் இடம்பெறுபவை பெரும்பாலும் பல ஆண்டுகள் மேடையில் பாடிப் பாடிப் பக்குவப்பட்ட பாடல்களாக இருக்க, இரண்டாம் தொகுப்புக்கான பாடல்களைக் குறுகிய காலக்கெடுவுக்குள், அதுவும் முதல் தொகுப்பைக் கேட்டவர்களின் எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு, புதிதாக எழுத வேண்டியிருப்பதால், குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவதாகவே அமைகிறது. பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனங்களையும் கல்லூரி வானொலிகளையும் நம்பி 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த 'மாற்று ராக்' என்னும் இசைவகையில் இது தெளிவாகவே புலப்படுகிறது. நிர்வாணா குழு 1989இல் வெளியிட்ட 'பிளீச்' தொகுப்பின் ஒலிப்பதிவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 600 டாலர் மட்டுமே. 1991 செப்டம்பரில் வந்த அதன் இரண்டாம் தொகுப்பான 'நெவர்மைண்ட்', அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. மான்செஸ்டரின் ஸ்டோன் ரோசஸ் குழுவாலோ, நிறுவனத்துடன் ஏற்பட்ட வழக்கும் பிற தாமதங்களும் சேர்ந்து, 1989க்குப் பின் 1994 டிசம்பரில்தான் தன் இரண்டாம் தொகுப்பை வெளியிட முடிந்தது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சிக்கல் வேறு விதமானது. இங்கே இசைத்தட்டும் ஒலிநாடாவும் திரைப்பாடலையும் பக்திப்பாடலையும் சார்ந்தே விற்றதால், தன் பாடலைத் தானே எழுதித் தானே இசைத்து விற்கும் குழுவுக்கு வணிகத்தில் இடமே வகுக்கப்படவில்லை. ஊரார் ரோடியர் மில் என்று அழைத்த ஏ.எஃப்.டி. ஆலையைச் சுற்றி வளர்ந்த முதலியார்பேட்டை போன்ற பகுதிகளில் இசைக்குழு என்றால் அது கோயில் திருவிழாவில் இரவு முழுவதும் பாடும் மெல்லிசைக் குழுதான். கிதாரும் டிரம்ஸும் கீபோர்டும் கைவசம் இருந்தும், வானொலியில் கேட்ட திரைப்பாடலை இம்மி பிசகாமல் திருப்பித் தருவதே அதன் திறமைக்கு அளவுகோலாயிற்று. இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்', 1988இல் 'நத்திங் பட் விண்ட்' என்று திரைக்கு வெளியே அடுத்தடுத்து இரு தொகுப்புகளைத் தர முடிந்ததற்கு அவரது மேதைமையோடு, திரையுலகில் அவர் அதற்குள் பெற்றிருந்த செல்வாக்கும் காரணம் என்றே கொள்ள வேண்டும். சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இயங்கிய ஏ.ஆர். ரகுமான், 'நெவர்மைண்ட்' முதலிடம் பிடித்த அதே 1992இல் 'ரோஜா' படத்தின் வழியாகத் திரை இசையமைப்பாளராக அறிமுகமானார். அந்தக் குழுவைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

இந்தச் சூழலில் தென்னிந்தியாவில் உருவான இரண்டாம் தொகுப்புகளுள் முதலில் பேசத்தக்கது, கொச்சியின் மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட 'மக்தூப்'. 1996இல் தோன்றிய இக்குழு 2002இல் தந்த 'இன்சேன் பயாகிராஃபி' திறமையான தொகுப்புதான் எனினும், மேலைநாட்டு முன்னோடிகளின் சாயல் அதில் அதிகம். ஆறாண்டு இடைவெளிக்குப் பின் வந்த இரண்டாம் தொகுப்பில் பைஜு தர்மஜனின் கிதார் வேறு வழியில் சென்றது. கமகம் என்பது ஒரு சுரத்தை நிலையாக நிறுத்தாமல் அடுத்த சுரங்களின் பக்கம் அசைத்து, வழுக்கி, வளைத்துப் பாடும் கர்நாடக முறை. கிதாரிலோ மெட்டுக்கட்டைகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பிரித்து நிறுத்துகின்றன. அந்தத் தடையைத் தந்தியை இழுத்து வளைத்தும் விரலை நீளவாக்கில் சறுக்கியும் கடந்து, மின்கிதாரின் கரகரப்பான ஒலியில் ராகத்தின் நடையை அவர் கொண்டுவந்தார். பாடகர் சூரஜ் மணியின் ஆங்கிலப் பாடல்வரிகளுக்கு அடியில் கேரளத்தின் இசை கேட்கத் தொடங்கியது இத்தொகுப்பில்தான். விமர்சகர்கள் இக்குழுவை மாற்று ராக் என்பதைவிட 'புரோகிரசிவ் ராக்', அதாவது நீண்ட, சிக்கலான தாளக் கட்டமைப்புகளை விரும்பும் ராக் என்றே வகைப்படுத்துவர். தென்னிந்தியக் குழுக்களைப் பொறுத்தவரை இந்தப் பெயர்ப்பலகைகள் இறக்குமதியானவை என்பதால் அவற்றை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை.

அதே 2008இல் வெளிவந்த 'அவியல்' குழுவின் முதல் தொகுப்பு, முழுக்க மலையாளத்தில் அமைந்த மாற்று ராக்காக, ஆங்கிலத்தில் பாடினால்தான் ராக் என்ற எண்ணத்தைத் தகர்த்தது. ஆனால் அடுத்த பத்தாண்டில் அதற்கு இணையான இரண்டாம் தொகுப்பு வரவில்லை. 2011இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அக்குழுவின் பாடல் ஒலித்தது, கிதார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் மலையாளத் திரையிசையில் தேடப்படும் இசையமைப்பாளரானார். திரையுலகம் இக்குழுக்களை எதிர்த்ததில்லை; வேலை கொடுத்து அழைத்துக்கொண்டது.

பெங்களூரின் அகம் குழு இந்த ஈர்ப்பிலிருந்து தப்பிய வழி மாதச் சம்பளம். 2003இல் உருவாகி, 2007இல் சன் தொலைக்காட்சியில் ரகுமான் முன்னின்று நடத்திய இளம் இசைக்கலைஞர் தேர்வில் வென்ற இக்குழுவினரில் பெரும்பாலோர் தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்கள். ஒலிப்பதிவுச் செலவுக்கு யாரையும் நாட வேண்டியிராத அந்த நிலையே, முதல் தொகுப்பு வந்த 2012க்கும் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' வந்த 2017க்கும் இடையிலான ஐந்தாண்டுப் பொறுமையைச் சாத்தியமாக்கியது. தியாகராஜரின் நளினகாந்தி ராகக் கிருதியான 'மனவ்யாலகிஞ்சரா'வை ராக் வாத்தியங்களின் முழு வேகத்தோடு விரித்த பாடலும் அந்த இரண்டாம் தொகுப்பில் உண்டு. குழுவின் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் கிருதியைக் கையாண்ட முறை சபா ரசிகர்களில் சிலருக்கு உவப்பாக இல்லை. சென்னையின் ஸ்க்ராட் குழு ஆங்கிலத்திலேயே பாடி 2012இல் 'இன் த ஷெட்', 2014இல் 'த குவீன்' எனத் தொடர்ந்தது.

புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் கிடைத்தது மேடை. பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கின் காலத்தில் 1982இல் பாரிசில் தொடங்கிய 'ஃபெத் த லா மியூசிக்', ஜூன் 21ஆம் நாளை ஒட்டிக் கட்டணமின்றித் திறந்தவெளியில் இசைக்கும் விழாவாகப் புதுச்சேரிக்கும் வந்து, திரைப்பாடல் பாடாத குழுக்களுக்கும் கேட்போரைத் திரட்டித் தந்தது. ஆனால் தெருவில் நின்று கேட்கும் கூட்டம் தொகுப்பை விலை கொடுத்து வாங்கும் சந்தையாக மாறுவதற்கு முன்பே குறுந்தட்டுக் கடைகள் மூடப்பட்டன. இணையவழிக் கேட்பு பரவிய பின் குழுக்கள் பாடல்களை ஒவ்வொன்றாகவே வெளியிடத் தொடங்கியதால், முதலாவது, இரண்டாவது என்று தொகுப்புகளை எண்ணும் வழக்கமே இங்கு வேரூன்றுவதற்குள் தளர்ந்துவிட்டது.