ஞாயிறு என்றால் குடும்பம்: பிலிப்பைன்ஸ் மக்களின் சாப்பாடும் சுற்றுலாவும்

ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர் கோத்தாராயா பக்கமோ, சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசா பக்கமோ போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, சாப்பாட்டை நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பார்கள். விடுமுறை நாளின் பொழுதுபோக்கு என்று நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் அவர்களின் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே குடும்பத்தோடு சாப்பிடும் நாள்தான். அந்த வழக்கத்தையே அவர்கள் கடல் கடந்தும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் தொடங்கும் உறவு

பிலிப்பைன்ஸ் மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும்போது "குமாயின் கா நா?" என்பார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று பொருள். சாப்பிடும் நேரத்தில் யார் வந்தாலும் சாப்பிட அழைப்பது அங்கே மரியாதை. இந்தப் பழக்கத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மூன்று வேளையும் சோறுதான். முதல் நாள் மீந்த சோற்றைப் பூண்டு போட்டு வறுத்து, முட்டை, கருவாட்டோடு காலையில் பசியாறுவார்கள். புளி சேர்த்துக் காய்கறியும் மீனும் அல்லது இறைச்சியும் வேகவைத்த 'சினிகாங்', கிச்சாப்பும் வினிகரும் பூண்டும் சேர்த்துச் சமைத்த 'அடோபோ' ஆகியவை பெரும்பாலான வீடுகளில் அடிக்கடி சமைக்கப்படும். பிறந்தநாளில் 'பன்சிட்' என்னும் மீ கட்டாயம் உண்டு. மீயைப் போல ஆயுளும் நீள வேண்டும் என்பது நம்பிக்கை.

பெரியவர்களைக் கண்டால் அவர்களின் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வது 'மானோ'. அக்காளை 'ஆத்தே', அண்ணனை 'கூயா' என்று அழைப்பார்கள். பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். நாம் 'வாங்க', 'போங்க' என்று 'ங்க' சேர்ப்பது போன்ற மரியாதை அது.

பூசை முடிந்து பேரங்காடிக்கு

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரோமன் கத்தோலிக்கர்கள். அவர்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் தொடங்கும். அடுத்து பேரங்காடி. வெயிலுக்குக் குளிர்சாதனம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு உட்கார இடம் என எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும். மணிலா விரிகுடாவை ஒட்டி 2006இல் திறக்கப்பட்ட 'மால் ஆஃப் ஆசியா' போன்றவற்றில் ஞாயிறன்று கூட்டம் அலைமோதும். பல பேரங்காடிகளின் உள்ளேயே பூசையும் நடக்கிறது.

சாப்பாட்டுக்குப் பலரின் முதல் தேர்வு ஜாலிபீ. 1975இல் டோனி டான் கக்தியோங் கேசோன் நகரில் தொடங்கிய ஐஸ்கிரீம் கடையிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. பொரித்த கோழியோடு சோறு, இனிப்பான சாஸ் ஊற்றிய ஸ்பகெட்டி என உள்ளூர் நாக்குக்கு ஏற்ற உணவைத் தந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். 2013இல் அது சிங்கப்பூரில் கடை திறந்தபோது தேர்ந்தெடுத்த இடமும் லக்கி பிளாசாதான்.

கையில் காசு குறைவாக இருந்தால் 'கரிந்தேரியா' எனப்படும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சட்டிகளில் இருப்பதை விரலால் காட்டி வாங்கலாம். விசேஷ நாள்களில் 'கமாயான்' விருந்து. மேசை நீளத்துக்கு வாழை இலை விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் சுட்ட மீன், இறால், காய்கறி பரப்பி, எல்லாரும் கையால் சாப்பிடுவார்கள். நாம் ஆளுக்கோர் இலை போடுகிறோம். அவர்கள் எல்லாருக்குமாக ஒரே இலைவரிசை போடுகிறார்கள்.

பில்லை யார் கட்டுவது?

மணிலா பெருநகரின் குறைந்தபட்சத் தினக்கூலி 2024 ஜூலையில் 645 பேசோவாக உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு 100 பேசோ என்று வைத்தாலும் ஐந்து பேர் வெளியே சாப்பிட 500 பேசோ ஆகிவிடும். அதனால் கூலித் தொழிலாளி குடும்பத்துக்கு வெளியே சாப்பிடுவது மாதத்தில் ஒரு நாள் வரும் திருவிழா.

பிறந்தநாள்காரரே மற்றவர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். முதல் சம்பளம் வாங்கிய பிள்ளை பெற்றோரை வெளியே அழைத்துப் போவதும் உண்டு. பாட்டியை அழைத்துச் சென்றால் அவரின் மூத்த குடிமக்கள் அட்டையும் கூடவே வரும். 60 வயதைக் கடந்தோருக்கு உணவகத்தில் அவரவர் சாப்பாட்டுக்கு 20 விழுக்காடு தள்ளுபடியும் மதிப்புக்கூட்டு வரி விலக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. மீந்ததைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போக யாரும் வெட்கப்படுவதில்லை.

வேன் எடுத்து வெளியூர்

நீண்ட வார இறுதி வந்தால் மணிலா குடும்பங்கள் தெற்கே கிளம்பிவிடும். சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது தகாய்தாய். ஏரிக்கு நடுவே தால் எரிமலையை அங்கிருந்து பார்க்கலாம். 2020 ஜனவரியில் அது வெடித்தபோது மணிலா வரை சாம்பல் விழுந்தது. குளிர்க்காற்றில் சூடாகக் குடிக்கும் மாட்டெலும்புச் சூப்பான 'புலாலோ' அந்த ஊரின் பெயர்பெற்ற உணவு. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மீன் உணவைக் கேட்டு வாங்கலாம். திரும்பும்போது இளந்தேங்காய் வழுக்கையில் செய்த 'புகோ பை' வாங்காமல் வரமாட்டார்கள்.

இன்னொரு வழக்கம், லகுனா மாநிலத்துக் கலம்பாவில் வெந்நீர் ஊற்றுக் குளத்தோடு கூடிய வீட்டை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது. பெரியப்பா, சித்தி, பேரப்பிள்ளைகள் என இருபது முப்பது பேர் சோற்றுப் பானையோடு வேனில் வந்து இறங்குவார்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை. அது முடிந்ததும் தேவாலய வாசலில் 'புத்தோ பும்போங்' வாங்கக் கூட்டம் நிற்கும். ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழலில் ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். பெயரும் செய்முறையும் நம் குழாய்ப் புட்டை நினைவூட்டும்.

மேசையில் ஓர் இடம் காலி

ஆனால் பல குடும்பங்களில் இந்தச் செலவையெல்லாம் தாங்குபவர் அந்த மேசையில் இருப்பதில்லை. அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி வெளிநாடுகளில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் மக்கள் 2.1 மில்லியனுக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். வெளிநாடுகளில் இருப்போர் அந்த ஓராண்டில் வங்கிகள் வழியே அனுப்பிய பணம் 33 பில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டியது. மகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கூரையும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் அந்தப் பணத்தில்தான்.

சேர்ந்து சாப்பிடுவதன் அருமையை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை குடும்பச் சாப்பாட்டு நாளாக 2012இல் அறிவிக்கப்பட்டது. அன்று அரசு ஊழியர்கள் வீட்டில் இரவு உணவு உண்ண வசதியாக, அலுவலகங்களில் வேலையை முன்னதாகவே முடித்துவிடுவார்கள்.

சிங்கப்பூரில் 2013 முதல் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமானது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் கட்டாயம் ஓய்வாகத் தர வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் மூன்றுக்கும் ஒரே நேரம். இங்கே மதியம் ஒரு மணி என்றால் மணிலாவிலும் ஒரு மணி. அங்கே சோறு பரிமாறும் நேரம். தட்டுகளுக்கு நடுவே கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பிள்ளைகள் அம்மாவுக்குக் காத்திருப்பார்கள். நம் வீட்டில் வேலை செய்பவர் அந்த நேரத்தில் கைப்பேசியோடு ஒதுங்கினால், அவர் தன் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்று அறிந்துகொள்வோம்.